நியமனத்திலிருந்து தேர்வுக்கு: இந்திய ராணுவ அதிகாரிகள் தெரிவின் வரலாறு

1918ஆம் ஆண்டு, இங்கிலாந்தின் சாண்ட்ஹர்ஸ்ட் ராணுவக் கல்லூரியில் இந்தியருக்கு ஆண்டுக்கு 10 இடங்கள் ஒதுக்கப்பட்டன. அவற்றுக்குரியோரைத் தெரிவதில் வைஸ்ராயின் நியமனமே தீர்மானமாக அமைந்தது. குடும்பத்தின் அந்தஸ்தும் அரசுக்குக் காட்டிய விசுவாசமும் பெரிதும் கருதப்பட்டன. 1925இல் அமைக்கப்பட்டு, ஜின்னாவும் உறுப்பினராக இருந்த ஸ்கீன் குழு, இவ்விடங்களைப் பெருக்கவும் இந்தியாவிலேயே ஒரு ராணுவக் கல்லூரி நிறுவவும் பரிந்துரைத்தது.

1932இல் டேராடூனில் இந்திய ராணுவக் கழகம் தொடங்கியபோது, முதல் அணியின் 40 இடங்கள் மூன்றாகப் பகுக்கப்பட்டன: பொதுப் போட்டித் தேர்வுக்கு 15, படைவீரர் நிலையிலிருந்து உயர்வோருக்கு 15, சமஸ்தானப் படைகளுக்கு 10. அத்தேர்வின் வழி நுழைந்தவர்களுள் ஒருவர், பின்னாளில் ஃபீல்டு மார்ஷலான சாம் மானெக்‌ஷா.

விடுதலைக்குப் பின் தேசியப் பாதுகாப்புக் கழகத்துக்கு மத்தியப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் எழுத்துத் தேர்வே முதல் வாயிலாயிற்று. ஆயினும் அத்தேர்வை எழுதும் உரிமை பெண்களுக்கு 2021 வரை இல்லை. அவ்வாண்டு உச்ச நீதிமன்றம் இடைக்கால ஆணை பிறப்பித்த பின்னரே, 2022இல் முதல் மாணவியர் கடக்வாஸ்லாவில் சேர்ந்தனர்.

நியமனம் மறைந்த பின்னும், யார் விண்ணப்பிக்கலாம் என்னும் விதி அதன் வேலையைத் தொடர்ந்து செய்தது. ஆகவே தேர்வுகளின் வரலாற்றை ஆராய்வோர், வினாத்தாளுக்கு முன் தகுதி விதிகளை வாசிப்பது நன்று.