வேரிலிருந்து முருங்கன் வரை

மன்னார்ப் பக்கத்து முருங்கன் சந்தியில் பிளேன்ரீ குடிக்கிறவர் தியனின் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருக்கத் தேவையில்லை. மனதைத் தளர்த்தும், நித்திரை தரும் என்று மாத்திரையாக விற்கப்படும் அந்த அமினோ அமிலம் அவருடைய கோப்பையிலும் கரைந்திருக்கிறது. கட்டுக்கரைக்குளத்துத் தண்ணீரில் நெல் விளைகிற இந்த ஊரில் தேயிலைச் செடி வளராது. தியனின் தொலைவிலிருந்துதான் வரவேண்டும்.

அது பிறப்பது தேயிலைச் செடியின் வேரில். மண்ணில் கிடைக்கும் நைதரசனைக் கொண்டு வேர் அதை ஆக்கும். பிறகு அது தண்டேறிக் கொழுந்துக்குப் போகும். அங்கே வெயில் பட்டால் அதில் ஒரு பங்கு சிதைந்து, துவர்ப்புத் தரும் கட்டெச்சின்களாக மாறிவிடும். யப்பானியர் உயர்ந்தவகைத் தேயிலைக்கு, பறிப்பதற்குச் சில கிழமைகள் முன்பே பந்தல் போட்டு நிழல் கொடுப்பது அதனால்தான். அப்படி வளர்ந்த கியோகுரோ இலையிலிருந்துதான் 1949-50 காலத்தில் யப்பானிய ஆய்வாளர் சகாடோ யாஜிரோ இந்தப் பொருளைப் பிரித்தெடுத்தார். 1964இல் யப்பான் இதை உணவில் சேர்க்க அனுமதித்தது.

இலங்கைக் கொழுந்துக்கு அந்தப் பந்தல் வாய்க்கவில்லை; கொழுந்து பறித்தவர்களுக்கும்தான். 1867இல் தோட்டத்துரை ஜேம்ஸ் டெய்லர் கண்டிப் பக்கத்து லூல்கந்தூரவில் 19 ஏக்கரில் தேயிலை நட்டபோது, மலைநாட்டில் கோப்பிக் காலம் இன்னும் முடிந்திருக்கவில்லை. கோப்பிக்கும் பின்னர் தேயிலைக்கும் ஆள் திரட்டியவர்கள் கங்காணிகள். தமிழகத்திலிருந்து வந்தவர்களில் பெருந்தொகையானோர் மன்னார்க் கரையில் இறங்கி, தண்ணியில்லாக் காட்டுவழியே மாத்தளைப் பக்கம் நடந்தார்கள். காய்ச்சலிலும் கொலராவிலும் வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். 1914இல் தலைமன்னாரிலிருந்து மதவாச்சிக்கு ரயில் வந்தபின், அடுத்த தலைமுறை முருங்கன் ஸ்டேஷனைக் கடந்து மலைக்குப் போனது. அவர்கள் பறித்த கொழுந்து வாடி, உருண்டு, புளித்து, காய்ந்து, கொழும்பு ஏலத்துக்கு இறங்கிற்று. ஆட்கள் போன திசைக்கு எதிராக, தேயிலைத்தூளாக மறுபடி இங்கே வந்தது. 1977, 1983 இனக்கலவரங்கள் மலையகத்தாரிலும் பலரை வன்னிப் பக்கம் திருப்பியனுப்பின. இந்த வரலாறு எந்த மாத்திரைப் போத்தலின் லேபலிலும் இராது.

மாத்திரைக்கு இப்போது இலையே வேண்டாம். நுண்ணுயிர் தரும் நொதியைக் கொண்டு குளுட்டமினையும் எதைலமீனையும் இணைத்துத் தொழிற்சாலையிலேயே தியனின் செய்கிறார்கள். வழக்கமாக ஒரு மாத்திரையில் 200 மில்லிகிராம் இருக்கும். ஒரு கோப்பைத் தேத்தண்ணியில் பெரும்பாலும் 25 மில்லிகிராமைத் தாண்டாது. தியனின் மூளையின் அல்பா அலைகளைக் கூட்டுவதாகச் சில சிறு ஆய்வுகள் காட்டின. ஆனால் மன அழுத்தத்தைக் குறைக்கும், நித்திரைக்கு உதவும் என்ற உரிமைகோரல்களுக்குப் போதிய சான்றில்லை என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2011இல் சொல்லிவிட்டது. விளம்பரத்தைவிட அந்தத் தீர்ப்பையே நான் நம்புவேன். அழுத்தத்துக்கோ நித்திரைக்கோ ஏற்கெனவே மருந்து எடுப்பவர்கள் டொக்டரைக் கேளாமல் இதைத் தொடக்கூடாது.

தேத்தண்ணியில் தியனின் தனியாக வருவதில்லை, கூடவே கஃபீனும் வரும். பகலில் வயல்வேலைக்கு இடையே அந்தச் சோடி நல்லது: ஒன்று தட்டியெழுப்பும், மற்றது படபடப்பை ஓரளவு அடக்கக்கூடும். நித்திரை வேண்டுமென்று இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு இன்னொரு பிளேன்ரீ கேட்பவருக்குத்தான் சிக்கல். குடித்த கஃபீனில் பாதி உடம்பைவிட்டுப் போகவே ஏறத்தாழ ஐந்து மணித்தியாலம் ஆகும்.