மடல்

பனை, தென்னை, தாழை ஆகியவற்றின் மட்டையையும் இலையையும் குறித்த ‘மடல்’ என்னும் பழஞ்சொல், இன்று கடிதத்துக்கு இனிய பெயராக வழங்குகின்றது. ஆயினும், காதலரிடையே தூது செல்வதற்கு நெடுங்காலம் முன்பே, காதலின் பொருட்டு அது வீதிக்கு வந்துவிட்டது.

சங்கப் பாடல்களில் தலைவன் ஏறும் மடல் ஒரு குதிரை. விரும்பிய பெண்ணைப் பெறாதவன், கருக்குடைய பனைமட்டைகளால் குதிரை செய்து, எருக்கம்பூ மாலை சூடி, அவள் உருவம் எழுதிய கிழியை ஏந்தி, ஊரார் காணத் தெருவில் ஊர்ந்து வருவான். அல்லது, வருவேன் என்று தோழியிடம் சொல்லி அவளைக் கலங்க வைப்பான். ஏறிய மடல் திறத்தைத் தொல்காப்பியம் பெருந்திணையில் வைத்தது. மகளிர் மடலேறுதலை மரபன்று என விலக்கியது. அவ்விலக்கையும் கடந்து, திருமங்கையாழ்வார் நாயகி பாவத்தில் இரு திருமடல்களைப் பாடினார். மடலேற்றம் இடம்பெறும் அதிகாரத்துக்கு வள்ளுவர் ‘நாணுத்துறவுரைத்தல்’ என்று பெயரிட்டதே, அச்செயலின் உயிர்நிலை எதுவென விளக்கிவிடும்.

சிலப்பதிகாரத்தில், பிரிந்துபோன கோவலனுக்கு மாதவி, தாழையின் வெண்மடலில், பித்திகை அரும்பை எழுத்தாணியாகவும் செம்பஞ்சுக் குழம்பை மையாகவும் கொண்டு எழுதி, தன் தோழி வசந்தமாலையிடம் கொடுத்தனுப்பினாள். அவன் வாங்க மறுத்தான். மதுரை செல்லும் வழியில் கோசிகன் என்னும் அந்தணன் கொணர்ந்த இரண்டாம் ஓலையை இளங்கோவடிகள் ‘முடங்கல்’ என்பார். முடங்குதல் சுருளுதலாதலின், எழுத்தை உள்ளடக்கிச் சுருட்டிய ஓலைக்கு அது பொருத்தமான பெயர். அதன் மண் இலச்சினையில் பதிந்திருந்த கூந்தலின் நெய்மணம் பழைய நாட்களை உணர்த்த, கைவிட மனமின்றிப் பிரித்துப் படித்தவன், தவறு தன்னுடையதே என்று தெளிந்தான்; அவ்வாசகமே தன் தாய் தந்தையர்க்கும் பொருந்துவது கண்டு, அவ்வோலையையே அவர்களுக்கு அனுப்பிவைத்தான்.

பின்னாளில் மடலைச் சுமந்தது தபால். 1854-ல் தேசமெங்கும் ஒரே சீரான தபால் கட்டணம் ஏற்பட்டது. 1879-ல் காலணாக் கார்டு வந்தது. இரங்கூனில் உத்தியோகம் பார்த்த வாலிபன், நிச்சயமான பெண்ணுக்குக் கார்டில் எழுதினால் வீடே படித்துவிடும்; ஆதலால் கூடுதலாகக் காலணா கொடுத்து, உறையிட்டு ஒட்டி அனுப்புவதே உசிதமாயிருந்தது. 1950-ல் வந்த இன்லண்ட் லெட்டர் அந்த அந்தரங்கத்தை மடித்து ஒட்டும் ஒரே தாளில் சுலபமாக்கியது. உள்ளே இருப்பதோ, ‘நலம், நலமறிய அவா’ என்னும் சம்பிரதாயத் தொடக்கமும், பசு கன்று ஈன்றது, முற்றத்து முல்லை பூத்தது, கிணற்றில் நீர் ஊறியது என்ற செய்திகளுமே. எனினும், விவாகத்துக்கு முன்பே ஒருவர் நாளை மற்றவர் நாளோடு பிணைப்பவை இவ்வற்பச் செய்திகள்தாம்.

பனைமடற் குதிரை ஊரைச் சாட்சிவைத்துப் பெண்ணை நெருக்கியது. எழுதிய மடல் அவள் ஒருத்தியிடமே பேசி, மறுக்கும் சுதந்திரத்தை அவளிடமே விட்டுவைக்கின்றது. மாதவியின் முதல் ஓலையைக் கோவலன் மறுக்க முடிந்ததாலேயே, இரண்டாவதை அவன் தானே பிரித்துப் படித்தது பொருள் பெறுகின்றது. ஆதலின், இச்சொல் குதிரையை விட்டுக் கடிதத்தைச் சேர்ந்ததை நான் உயர்வென்றே கருதுகின்றேன்.