தலைமை சிறந்தால் கல்வி சிறக்கும்

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்...

 

நமது மன்னார் வளைகுடாக் கரைக்கு எதிரேயுள்ள இலங்கையில், கொழும்பு மருதானைப் பள்ளிவாசல் வளாகத்தில் 1892ஆம் ஆண்டு ஒரு மத்ரஸா தோன்றியது. அறிஞர் சித்தி லெப்பை, வாப்பிச்சி மரிக்கார் ஆகியோர் அதற்காகப் பாடுபட்டனர். எகிப்திலிருந்து நாடு கடத்தப்பட்டிருந்த ஒராபி பாஷா அவர்கள் ஆதரவு நல்கினார்கள். அதுவே பின்னாளில் ஸாஹிராக் கல்லூரி எனப் புகழ்பெற்றது.

நல்ல நோக்கமும் இடமும் இருந்தும் அது உடனே வளர்ந்துவிடவில்லை. 1921இல் டி.பி. ஜாயா அவர்கள் அதிபராகப் பொறுப்பேற்ற பின்னரே நிலைமை மாறிற்று. பிற கல்லூரிகளில் ஆசிரியராயிருந்து பெற்ற அனுபவத்தை அவர்கள் இங்கு ஈந்தார்கள். சுமார் கால் நூற்றாண்டுக் கால உழைப்பில் கல்லூரி ஓங்கியது. அளுத்கம, கம்பளை முதலிய ஊர்களில் கிளைகளும் தோன்றின.

அவர்களுக்குப்பின் 1948இல் ஏ.எம்.ஏ. அஸீஸ் அவர்கள் வந்தார்கள். இலங்கை சிவில் சேவையில் சேர்ந்த முதல் முஸ்லிம் அவர்களே. அப்பெரும் பதவியைத் துறந்து ஒரு பள்ளியின் அதிபரானார்கள். வறுமையால் மாணவர் கல்வி தடைபடலாகாது என்று 1945இலேயே முஸ்லிம் கல்விச் சகாய நிதியை நிறுவியவர்களும் அவர்களே. 1961 வரை நீடித்த அவர்களது காலத்தில் ஸாஹிரா அறிவுக் களமாக விளங்கியது. பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி அங்குப் பயின்றவர். பின்னர் அங்கேயே ஆசிரியராகவும் பணியாற்றியவர். சமயம் பாராது திறமையைப் போற்றியதற்கு இது சான்றாகும்.

தலைவர் ஒவ்வொரு வகுப்பிலும் நின்று பாடம் நடத்துவதில்லை. ஆயினும் தகுதியான ஆசிரியரைத் தேர்வதும், அவருடைய கண்ணியத்தைக் காப்பதும், பின்தங்கும் மாணவனைக் கவனிப்பதும் அவர் கையில் உள்ளன. மாணவரின் கற்றலுக்குத் துணைபுரியும் பள்ளிக் காரணிகளுள் வகுப்பறைப் போதனைக்கு அடுத்த இடம் தலைமைக்கே என 2004இல் அமெரிக்காவில் வெளியான லீத்வுட் குழுவினரின் ஆய்வும் கூறுகிறது.

சகோதரர்களே! மக்தபுக்கோ பள்ளிக்கோ பொறுப்பாளரை நியமிக்கும்போது செல்வத்தையும் உறவையும் பார்க்கிறோமா, தகுதியைப் பார்க்கிறோமா? பொறுப்பு என்பது அமானிதம். அது தகுதியற்றவரிடம் சென்றால் இழப்பு நிர்வாகத்திற்கன்று, நம் பிள்ளைகளுக்கே. கட்டடத்திற்கு நிதி திரட்டும் அதே ஆர்வத்துடன் நல்ல தலைமையாசிரியரையும் தேடுவோமாக! உஸ்தாதுமார்களின் ஊதியத்தையும் மரியாதையையும் உயர்த்துவோமாக!

வல்ல அல்லாஹ் நம் சந்ததியினருக்குப் பயனுள்ள கல்வியை அருள்வானாக! ஆமீன்.