ஜாஸ் பேஸ் ஜாம்பவானின் முதல் ஆல்பத்தில் செல்லோ ஏன்? ரான் கார்ட்டரின் 'வேர்?' பற்றி தெரியுமா?

உலகிலேயே அதிக ஜாஸ் பதிவுகளில் பேஸ் வாசித்தவர் யார்? அமெரிக்காவின் ரான் கார்ட்டர். 2015-ல் கின்னஸ் எண்ணிப் பார்த்தபோது கணக்கு 2,221! இதில் பெரும்பாலானவை மற்றவர்களின் ஆல்பங்கள். அவரே தலைமை ஏற்ற முதல் ஆல்பம்தான் 1961-ல் வந்த 'வேர்?'. 'எங்கே?' என்று அர்த்தம்.

சரி, பேஸ் கலைஞரின் ஆல்பத்தில் செல்லோவுக்கு என்ன வேலை?

1937-ல் மிச்சிகனில் பிறந்த கார்ட்டர், 10 வயதில் கையில் எடுத்தது செல்லோவைத்தான். டெட்ராய்ட்டின் காஸ் டெக் பள்ளியில் படிக்கும்போது, வெளி நிகழ்ச்சிகளுக்கான வாய்ப்பெல்லாம் வெள்ளையின மாணவர்களுக்கே போவதைக் கவனித்தார். பேஸ் வாசித்த மாணவர் படிப்பு முடிந்து போகவே, அந்த இடத்தைப் பிடிக்க பேஸுக்கு மாறினார்.

அதோடு முடியலை. ஈஸ்ட்மேன் இசைப்பள்ளியில் அவர் வாசிப்பைக் கேட்ட புகழ்பெற்ற நடத்துநர் ஸ்டொகோவ்ஸ்கி, ஹூஸ்டன் இசைக்குழுவில் சேர்க்க ஆசைதான், ஆனால் கறுப்பினத்தவரை அங்கே ஏற்க மாட்டார்கள் என்று நேரடியாகவே சொல்லிவிட்டார். கிளாசிக்கல் உலகம் கதவைச் சாத்தியது. ஜாஸுக்கு லாபம்னு சிலர் சொல்வாங்க. இழந்தவருக்கு அது எப்படி லாபமாகும்?

1961 ஜூன் 20. நியூஜெர்சியில் வான் கெல்டர் ஸ்டுடியோ. 24 வயது கார்ட்டர் பேஸோடு செல்லோவும் வாசித்தார். அவர் செல்லோ வாசித்தபோது பேஸுக்கு ஜார்ஜ் டுவிவியர், பியானோவில் மால் வால்ட்ரன், டிரம்ஸில் சார்லி பெர்சிப். சாக்ஸபோன், பேஸ் கிளாரினெட், புல்லாங்குழல் மூன்றுக்கும் ஒரே ஆள், எரிக் டால்ஃபி. மொத்தம் 6 டிராக். 'பேஸ் டூயட்'டில் இரண்டு பேஸ்கள் பேசிக்கொள்வதை மொபைல் ஸ்பீக்கரில் கேட்டால் பாதி காணாமல் போகும். ஹெட்போன் அவசியம்!

மறுவெளியீடு ஏன்?

ஆல்பத்தை வெளியிட்ட நியூ ஜாஸ், பிரெஸ்டீஜ் நிறுவனத்தின் துணை லேபிள். பிரெஸ்டீஜை 1971-ல் ஃபேன்டசி நிறுவனம் வாங்கியது. பழைய டேப்களும் கைமாறின. பின்னர் 'ஒரிஜினல் ஜாஸ் கிளாசிக்ஸ்' வரிசையில் இந்த ஆல்பம் மீண்டும் வந்தது. 1964-ல், 36 வயதிலேயே இறந்த டால்ஃபியின் பதிவுகள் குறைவு. அதனால் அவருக்காகவே இதைத் தேடி வாங்குபவர்களும் உண்டு.

இரண்டு வருடம் கழித்து, 1963-ல், மைல்ஸ் டேவிஸ் குழுவில் சேர்ந்தார் கார்ட்டர். அங்கே அவர் கையில் இருந்தது பேஸ்தான்.