"காட்டுல சாப்பாட்டுக்கு என்ன செய்ய, டீச்சர்?"



போன ஞாயிற்றுக்கிழமை என் பழைய மாணவி ஒருத்தி பெங்களூரிலிருந்து பேசினாள். ஆகஸ்டில் குடும்பத்தோடு கென்யாவுக்கு சஃபாரி போகிறார்களாம். "டீச்சர், எங்க அத்தை சுத்த சைவம். புளிக்காய்ச்சல், தோசைப்பொடி, குக்கர் எல்லாம் கட்டிட்டு வரணும்னு ஒத்தக்கால்ல நிக்காங்க. காட்டுல சாப்பாட்டுக்கு என்ன செய்ய?" என்று கேட்டாள். வாசுதேவநல்லூரிலிருந்து நான் போன அதிகபட்ச தூரம் காசி. ஆனாலும் கேட்டது டீச்சரிடம் ஆயிற்றே! மூன்று நாள் புத்தகங்களைப் புரட்டினேன். அவளுக்குச் சொன்னதை எல்லோருக்குமாக எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சஃபாரி என்றால் சுவாஹிலி மொழியில் பயணம், அவ்வளவுதான். வேட்டை என்ற பொருள் வெள்ளைக்காரர்கள் போய்ச் சேர்ந்த பிறகு ஒட்டிக்கொண்டது. அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த தியோடர் ரூஸ்வெல்ட், பதவி முடிந்த கையோடு 1909-இல் மகனையும் கூட்டிக்கொண்டு மொம்பாசாவில் போய் இறங்கினார். அவர் கூடாரத்துக்கு டப்பாவில் அடைத்த அவரை, பீச் பழம், தக்காளி எல்லாம் கூடவே போயின. சுட்ட யானையின் இதயத்தைத் துண்டு போட்டு நெருப்பில் வாட்டித் தின்றதையும் அவரே எழுதியிருக்கிறார். மூட்டை சுமந்த இருநூறுக்கும் மேற்பட்ட ஆட்களுக்குக் கிடைத்தது போஷோ, அதாவது அளந்து கொடுக்கும் மாவு. அதைக் கொதிக்கும் நீரில் போட்டுக் கிண்டித் தின்றார்கள். ஒரே பயணத்தில் இரண்டு சமையல். கென்யாவில் 1977-லேயே வேட்டையைத் தடை செய்துவிட்டார்கள். அதனால் அத்தை பயப்பட வேண்டாம், தட்டில் வரிக்குதிரை வராது.

அங்கே நம் நாட்டுச் சாப்பாடு போன கதை ரூஸ்வெல்ட்டுக்கும் முந்தியது. 1896-இல் மொம்பாசாவிலிருந்து விக்டோரியா ஏரி வரை இரயில் பாதை போடத் தொடங்கினார்கள். 1901-இல் ஏரிக்கரையைத் தொட்டது. அதற்காக இந்தியாவிலிருந்து கப்பலேற்றிய கூலிகள் சுமார் 32,000 பேர், பெரும்பாலும் பஞ்சாபிகள். காய்ச்சலிலும் விபத்திலுமாக ஏறக்குறைய 2,500 பேர் செத்தார்கள். 1898-இல் சாவோ ஆற்றுப் பாலத்து வேலையில் இரண்டு சிங்கங்கள் ஆட்களை இழுத்துப்போனதை ஐந்தாம் வகுப்பில் நான் கதையாகச் சொல்லியிருக்கிறேன். கடைசி பெஞ்சில் கண்ணைப் பொத்திக்கொண்டவர்கள் கையைத் தூக்குங்கள் பார்ப்போம்! இவர்களுக்குச் சாப்பாட்டுச் சாமான் ஏற்பாடு செய்த ஒப்பந்தக்காரர் கராச்சி வணிகர் ஜீவன்ஜி. ஆறாயிரத்துச் சொச்சம் பேர் அங்கேயே தங்கிவிட்டார்கள். குஜராத்திகள் போய் ஊருக்கு ஊர் கடை போட்டார்கள். இன்று சப்பாத்தி, சாய், சம்பூசா, பிலாவ் எல்லாம் சுவாஹிலிச் சொற்கள். அவர்கள் சப்பாத்தி மைதாவில் எண்ணெய் விட்டு மடித்துப் போடுவது. நம்ம ஊர் பரோட்டாவுக்குத் தங்கச்சி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

(நம்மவர்கள் போன இடம் இன்னும் தெற்கே. சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' கப்பல் 1860 நவம்பர் 16-இல் டர்பன் போய்ச் சேர்ந்தது. ரொட்டியைக் குடைந்து உள்ளே குழம்பு ஊற்றித் தரும் 'பன்னி சவ்' அந்த டர்பன் இந்தியர்களுடைய சாப்பாடு. அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.)

இதுவரைக்கும் நாம் கொடுத்தது. நாம் வாங்கியதைப் படித்தபோதுதான் எனக்குத் தூக்கி வாரிப்போட்டது. கம்பு, சோளம், கேப்பை மூன்றும் ஆப்பிரிக்காவில் முதன்முதலில் பயிராக்கப்பட்டவை. ஏறக்குறைய 4,000 ஆண்டுகளுக்கு முன் இந்தியாவுக்கு வரத் தொடங்கியவை. தட்டைப்பயறும் அப்படியே. அத்தையின் புளிக்காய்ச்சலுக்கு வேண்டிய புளிய மரத்தின் பூர்வீகமும் ஆப்பிரிக்காதான். சாமையும் வரகும் நம் மண்ணில் பயிரானவை. 2023-ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டாக அறிவித்தபோது "கம்பு தமிழன் உலகுக்குத் தந்த கொடை" என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றியது. நானும் பத்துப் பேருக்கு அனுப்பினேன். தப்பு. திருத்திக்கொள்கிறேன்.

கேப்பை அங்கே விம்பி. கஞ்சிக்குப் பெயர் உஜி. களிக்குப் பெயர் உகாலி. இன்று உகாலியைப் பெரும்பாலும் வெள்ளை மக்காச்சோள மாவில் கிண்டுகிறார்கள். மக்காச்சோளம் அமெரிக்கக் கண்டத்துப் பயிர், போர்த்துக்கீசியர்கள் கொண்டுவந்து விட்டது. அதற்கு முன்னால் கேப்பையும் சோளமும்தான். மேற்குக் கென்யாவில் இன்றைக்கும் அப்படிக் கிண்டுகிறவர்கள் உண்டு.

இதைப் படித்ததும் எனக்கு ஒரு பையன் ஞாபகம் வந்துவிட்டது. 1981, நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. சத்துணவு வர இன்னும் ஓராண்டு இருந்தது. மூன்றாம் வகுப்பில் கிழக்கே கரிசக்காட்டிலிருந்து வரும் ஒரு பையன், தினமும் தூக்குச்சட்டியில் கம்மங்கஞ்சியும் ஒரு வெங்காயமும் கொண்டுவருவான். ஒருநாள் கஞ்சி சிந்தி, புளித்த வாடை வகுப்பெல்லாம் அடித்தது. "நாளையிலிருந்து நல்ல சோறா கொண்டு வா" என்றேன். பிள்ளைகள் சிரித்தார்கள். நானும்தான். மறுநாளிலிருந்து அவன் தூக்குச்சட்டி கொண்டு வரவில்லை. மத்தியானம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு வருவதாகச் சொன்னான். அவன் வீடு நாலு மைல். போய்விட்டு வர நேரம் இருக்காது என்று கணக்கு டீச்சரான எனக்குத் தெரியாதா? தெரிந்துதான் கேட்காமல் இருந்தேன். என் ஆச்சி வீட்டில் உரலில் கம்பு குத்தி வளர்ந்தவள் நான். எனக்கே அந்த வாடை அன்றைக்கு வெட்கமாக இருந்தது.

பெயர் போடவில்லை. ஐம்பதைத் தாண்டியிருப்பாய். இந்தப் பக்கம் வந்து இதை வாசித்தால், டீச்சர் செய்தது தப்பு ஐயா.

சரி, மகளே, உன் கேள்விக்கு வருகிறேன். விடியுமுன்னே டீயும் பிஸ்கட்டும் தந்து காட்டுக்குக் கூட்டிப்போவார்கள். திரும்பி வந்து காலைச் சாப்பாடு. முழுநாள் சுற்றினால் மதியத்துக்குப் பெட்டியில் கட்டித் தருவார்கள். சாயங்காலம் டீ, இரவு பந்தி. சைவம் என்பதை முன்பதிவு செய்யும்போதே எழுதிக் கேள். முட்டை, மீன் கூடாது என்பதையும் தனியாகச் சொல், சொல்லாமல் புரியாது. குக்கர் வேண்டாம். ஊறுகாயைப் பிளாஸ்டிக் பையில் கட்டாதே, 2017 முதல் அங்கே அந்தப் பைக்குத் தடை.

உகாலியும் கீரையும் கேட்டு வாங்கி அத்தைக்குக் கொடு. கரண்டி வேண்டாம். கையால் பிய்த்து உருட்டி, கட்டைவிரலால் குழி பண்ணி, அதில் கீரையை அள்ளிச் சாப்பிடுவார்கள். அத்தைக்குச் சொல்லித்தர வேண்டியிருக்காது, கேப்பைக்களி சாப்பிட்ட கை அது.