நன்றிக்குரிய துணைவியர்: வரலாறு கற்றுத்தரும் பாடம்

 

 

ஜமாஅத் ஆண்டறிக்கை என்றால் அதில் நன்றி நவிலும் பக்கம் ஒன்று தவறாமல் இடம்பெறும். நிதி வழங்கியோர், உழைப்பை நல்கியோர், ஆலோசனை கூறியோர் எனப் பலருக்கும் அதில் நன்றி தெரிவிக்கப்படும். அது முறையானதே. மனிதர்களுக்கு நன்றி செலுத்தாதவன் அல்லாஹ்வுக்கு நன்றி செலுத்தியவனாக மாட்டான் என்பது நபிமொழியின் கருத்தாகும். ஆயினும் அப்பக்கத்தில் இடம்பெறாத ஒரு கூட்டத்தார் உள்ளனர். நள்ளிரவில் மௌத்துச் செய்தி வந்து, கபருக்கான ஏற்பாட்டைக் கவனிக்க நிர்வாகி ஒருவர் எழுந்து செல்கிறார் என்றால், அவர் திரும்பி வரும்வரை கதவைத் தாழிடாமல் விழித்திருப்பவர் ஒருவர் இருக்கிறார். பஞ்சாயத்துப் பேச வந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்து, அவர்கள் சென்ற பின்னர் ஆறிப்போன உணவை மீண்டும் சூடாக்கித் தருபவரும் அவரே. கணவர் மீது ஊரார் கூறும் பழியைத் தம் காதில் வாங்கி, அதனை அவரிடம் சொல்லாமல் விழுங்கிக்கொள்பவரும் அவரே. பொதுவாழ்வில் ஈடுபட்டோரின் துணைவியர் செய்யும் இப்பணிக்கு அறிக்கையில் வரியும் இல்லை. பல வீடுகளில் வாய்மொழியாகக்கூட நன்றி இல்லை.

இந்நிலை நம் மார்க்கத்தின் வழிமுறைதானா என்பதை வரலாற்றின் ஒளியில் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஹிராவிலிருந்து இறங்கிய இரவு

கி.பி. 610 ஆம் ஆண்டு. ஹிராக் குகையில் முதல் வஹீ அருளப்பட்டது. அதன் பாரத்தால் நடுங்கிய நிலையில் நபி (ஸல்) அவர்கள் மலையிலிருந்து இறங்கித் தம் இல்லம் நோக்கி வந்தார்கள். குறைஷியரின் தலைவர்களிடமோ, தம்மை வளர்த்த பெரிய தந்தை அபூதாலிபிடமோ அவர்கள் முதலில் செல்லவில்லை. தம்மைப் போர்த்துமாறு அவர்கள் கேட்டது அன்னை கதீஜா (ரலி) அவர்களிடமே. நடுக்கம் நீங்கிய பின்னர் நடந்ததைக் கூறி, தமக்கு என்ன நேருமோ எனும் அச்சத்தையும் வெளியிட்டார்கள்.

அப்பொழுது அன்னையவர்கள் வெறும் ஆறுதல் மட்டும் கூறவில்லை. சான்றுகளை எடுத்து வைத்தார்கள். தாங்கள் உறவினரைப் பேணுகிறீர்கள், இயலாதோரின் சுமையைச் சுமக்கிறீர்கள், இல்லாதோருக்கு ஈட்டித் தருகிறீர்கள், விருந்தினரை உபசரிக்கிறீர்கள், துன்பத்தில் சிக்கியோருக்கு உதவுகிறீர்கள். இத்தகைய ஒருவரை அல்லாஹ் ஒருபோதும் கைவிடமாட்டான் என்பதே அவர்கள் கூறியதன் சாரம். பதினைந்து ஆண்டுகள் உடன் வாழ்ந்து கண்ட ஒருவரால்தான் இவ்வாறு கூற இயலும். பின்னர் வேத அறிவு பெற்றிருந்த தம் உறவினர் வரகா இப்னு நவ்ஃபலிடம் நபியவர்களை அழைத்துச் சென்றதும் அன்னையவர்களே.

மக்காவின் வணிகர்களுள் பெருஞ்செல்வராகத் திகழ்ந்த அந்த அம்மையாரின் பொருளும் உள்ளமும் அன்று முதல் இப்பணிக்கே ஆயின. குறைஷியர் பனூஹாஷிம் குடும்பத்தாரை ஒதுக்கிவைத்து, கொடுக்கல் வாங்கலையும் திருமண உறவையும் துண்டித்தபோது, சுமார் மூன்றாண்டுகள் அபூதாலிபின் கணவாயில் பசியோடு இருந்தோருள் அன்னையவர்களும் இருந்தார்கள். அவர்களுடைய சகோதரர் மகன் ஹகீம் இப்னு ஹிஸாம் கோதுமை கொண்டு சென்றபோது அபூஜஹ்ல் வழிமறித்துத் தகராறு செய்தான் என வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகின்றனர். ஒருகாலத்தில் எவருடைய வணிகப் பொருள்கள் ஷாம் தேசம் வரை சென்றனவோ, அவருக்குக் கொண்டு செல்லப்படும் கோதுமைக்கும் தடை! அந்த ஒதுக்கிவைப்பு நீங்கிய சிறிது காலத்திற்குள், நுபுவ்வத்தின் பத்தாம் ஆண்டில், அதாவது கி.பி. 619 இல், அன்னையவர்கள் மறைந்தார்கள். அபூதாலிபும் அதே ஆண்டில் மறையவே, அது துயர ஆண்டு எனப் பெயர் பெற்றது.

மறைந்த பின்னரும் மறையாத நன்றி

இங்குதான் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய செய்தி உள்ளது. நபி (ஸல்) அவர்களின் நன்றியுணர்வு அன்னையின் ஜனாஸாவோடு நிறைவடையவில்லை.

மதீனாவில் ஆடு அறுக்கப்பட்டால், அதன் இறைச்சியைப் பங்கிட்டு, கதீஜா (ரலி) அவர்களின் தோழியருக்கு அனுப்பிவைப்பது நபியவர்களின் வழக்கமாக இருந்தது. அன்னையின் சகோதரி ஹாலா (ரலி) ஒருமுறை வாசலில் நின்று அனுமதி கேட்டபோது, அக்குரல் கதீஜா (ரலி) அவர்களின் குரலை நினைவூட்டவே, நபியவர்கள் உள்ளம் நெகிழ்ந்தார்கள். தாம் நேரில் கண்டிராத கதீஜா (ரலி) மீது கொண்ட ரோஷத்தைப் போல் வேறெவர் மீதும் தமக்கு ஏற்பட்டதில்லை என ஆயிஷா (ரலி) அவர்களே அறிவிக்கும் அளவுக்கு அந்த நினைவு அவ்வீட்டில் நிலைத்திருந்தது. மக்கள் மறுத்தபோது அவர் என்னை நம்பினார், பொய்ப்படுத்தியபோது உண்மைப்படுத்தினார், கொடுக்க மறுத்தபோது தம் பொருளால் எனக்குத் துணை நின்றார் எனும் கருத்தில் நபியவர்கள் பதிலுரைத்ததாக ஹதீஸ் தொகுப்பில் காண்கிறோம்.

ஹிஜ்ரி 2 இல் பத்ருப் போர் நடந்தது. சிறைப்பட்டோருள் நபியவர்களின் மூத்த மகள் ஸைனப் (ரலி) அவர்களின் கணவர் அபுல்ஆஸும் ஒருவர். அவரை மீட்க ஸைனப் (ரலி) மக்காவிலிருந்து அனுப்பிய ஈட்டுப் பொருளில் ஒரு கழுத்துமாலை இருந்தது. அது தம் மகளின் திருமணத்தின்போது அன்னை கதீஜா (ரலி) அணிவித்து அனுப்பிய மாலை. அதனைக் கண்டதும் நபியவர்களின் உள்ளம் உருகியது. எனினும் தலைவர் என்ற முறையில் தாமே முடிவெடுத்துவிடவில்லை. தாங்கள் விரும்பினால் கைதியை விடுவித்து, மாலையையும் திருப்பி அனுப்பலாமே எனத் தோழர்களிடம் கேட்டார்கள். தோழர்கள் மனமுவந்து இசைந்தனர். அன்னை மறைந்து ஏறத்தாழ ஐந்தாண்டுகள் ஆகியிருந்தன. போரில் வென்ற ஒரு சமுதாயத்தின் தலைவர், தம் மறைந்த துணைவியாரின் நினைவால் தாம் நெகிழ்ந்ததைத் தோழர்கள் முன்னிலையில் மறைக்கவில்லை. இது பலவீனம் அன்று, இதுவே ஸுன்னத்.

ஆலோசனையும் ஒரு துணையே

துணை என்றதும் உணவு சமைப்பதையும் பொறுமை காப்பதையும் மட்டுமே நாம் எண்ணுகிறோம். ஹிஜ்ரி 6 இல், கி.பி. 628 இல், நடந்த ஹுதைபிய்யா நிகழ்ச்சி இவ்வெண்ணத்தைத் திருத்துகிறது. உம்ராச் செய்யப் புறப்பட்ட ஏறத்தாழ 1400 தோழர்கள் மக்காவினுள் நுழைய இயலாமல், உடன்படிக்கையின் விதிகளால் மனமுடைந்திருந்தனர். பலிப்பிராணியை அறுத்து, தலைமுடியைக் களையுமாறு நபியவர்கள் மும்முறை கூறியும் எவரும் எழவில்லை. நபியவர்கள் கூடாரத்தினுள் சென்று அன்னை உம்முஸலமா (ரலி) அவர்களிடம் இதனைத் தெரிவித்தார்கள். எவரிடமும் ஒரு வார்த்தையும் பேசாமல் தாங்களே வெளியே சென்று தங்கள் பிராணியை அறுத்து, தங்கள் முடியைக் களையச் செய்யுங்கள் என்பது அன்னையவர்கள் வழங்கிய ஆலோசனை. நபியவர்கள் அவ்வாறே செய்தார்கள். அதனைக் கண்ட தோழர்கள் அனைவரும் எழுந்து அப்படியே நிறைவேற்றினர். இஸ்லாமிய வரலாற்றின் மிக நெருக்கடியான ஓர் அரசியல் தருணத்தில், வஹீ பெறும் நபியே தம் துணைவியாரின் கருத்தைக் கேட்டுச் செயற்பட்டிருக்க, நம்மில் சிலர் வீட்டாரிடம் ஆலோசனை கேட்பதை இழிவெனக் கருதுவது வியப்பன்றோ?

நம் நாட்டு விடுதலை வரலாற்றில்

இந்தியத் திருநாட்டின் விடுதலைப் போரிலும் இத்தகைய துணைவியரைக் காண்கிறோம். 1908 இல், தம் இதழில் வெளியான ஒரு கட்டுரைக்காக மௌலானா ஹஸ்ரத் மோஹானி சிறைப்பட்டபோது, அவர்தம் துணைவியார் நிஷாத்துன்னிஸா பேகம் நோயுற்ற கைக்குழந்தையுடன் வீட்டில் இருந்தார். அந்நிலையிலும் அவர் சிறைக்கு எழுதிய மடலில், வந்ததைத் துணிவோடு தாங்குங்கள், என்னைப் பற்றியோ வீட்டைப் பற்றியோ கவலை கொள்ளாதீர்கள், தளர்ச்சி எதனையும் காட்டிவிடாதீர்கள் எனும் பொருளில் ஊக்கமூட்டினார். 1916 இல் கணவர் மீண்டும் சிறை சென்றபோது, அலிகரில் இருந்த சுதேசிக் கடையைத் தாமே கவனித்தார். பிறர் நீட்டிய பண உதவியை ஏற்க மறுத்தார். 1917 டிசம்பரில் இந்திய அமைச்சர் மாண்டேகுவைச் சென்னையில் சந்தித்த மகளிர் தூதுக்குழுவிலும் அவர் இடம்பெற்றிருந்தார்.

மௌலானா அபுல்கலாம் ஆஸாத் அவர்களின் துணைவியார் ஸுலைகா பேகத்தின் வரலாறு நெஞ்சைப் பிழிவதாகும். 1922 இல் மௌலானாவுக்கு ஓராண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டபோது, நாங்கள் எதிர்பார்த்ததைவிடத் தண்டனை குறைவு எனக் காந்தியடிகளுக்குத் தெரிவித்து, வங்காள கிலாஃபத் கமிட்டியில் கணவர் ஆற்றிய பணியைத் தாம் மேற்கொள்வதாகவும் அறிவித்தவர் அவர்.

1942 ஆகஸ்ட் 3 ஆம் நாள் மௌலானா கல்கத்தாவிலிருந்து பம்பாய் புறப்பட்டபோது, நோயுற்றிருந்த பேகம் வழக்கம்போல் வாசல் வரை வந்து, குதா ஹாஃபிஸ் என்று மட்டும் கூறி வழியனுப்பினார். ஆகஸ்ட் 9 அதிகாலையில் மௌலானா கைது செய்யப்பட்டு, அஹ்மத்நகர்க் கோட்டையில் அடைக்கப்பட்டார். சில மாதங்களில் பேகத்தின் நிலை கவலைக்கிடமாயிற்று. அரசுக்கு வேண்டுகோள் ஏதும் இருந்தால் உடனே அனுப்புவதாகச் சிறை அதிகாரி கூறியும், அந்நிய அரசிடம் எதனையும் கேட்பதில்லை என மௌலானா உறுதியாக மறுத்துவிட்டார். 1943 ஏப்ரல் 9 ஆம் நாள் பேகம் மறைந்த செய்தி கோட்டைக்கு வந்தது.

இரண்டு நாள் கழித்து மௌலானா எழுதிய மடல் குபாரே காத்திர் எனும் தொகுப்பில் உள்ளது. அதில் அவர் தம்மைப் பெருமைப்படுத்திக்கொள்ளவில்லை. 36 ஆண்டு இல்லறம் முடிவுற்றதைக் குறிப்பிட்டு, பேகம் வாழ்க்கைத் துணைவியாக மட்டுமன்றித் தம் கொள்கையிலும் செயலிலும் பங்காளியாக விளங்கியதை ஒப்புக்கொள்கிறார். 1916 இல் முதன்முறை இத்தகைய சோதனை வந்தபோது பேகம் கலங்கியதற்காகத் தாம் நெடுநாள் மனக்குறை கொண்டிருந்ததையும் அவர் மறைக்காமல் எழுதுகிறார். அதன் பின்னர் பேகம் ஒருபோதும் தம் கலக்கத்தை வெளியே காட்டவில்லை. அவருக்குக் கலக்கம் இல்லாமற் போயிற்று என்று எவர் கூற இயலும்?

1945 ஜூனில் விடுதலையாகி மௌலானா கல்கத்தா திரும்பியபோது ஹவுரா நிலையத்தில் மக்கள் வெள்ளம் திரண்டிருந்தது, மாலைகள் குவிந்தன. ஆனால் வாசலில் நின்று வரவேற்க வேண்டியவர் இல்லை. வாகனத்தை கபருஸ்தானை நோக்கித் திருப்பச் சொல்லி, தமக்கு அணிவித்த மாலைகளுள் ஒன்றை எடுத்துத் துணைவியாரின் கபரின் மீது வைத்து, மௌனமாக ஃபாத்திஹா ஓதினார் அந்தத் தலைவர்.

நாம் செய்ய வேண்டியது

அன்பிற்குரியவர்களே! மௌலானாவுக்கு அந்நிய அரசின் சிறைக்கதவு தடையாக இருந்தது. நமக்கு என்ன தடை? இரவு இஷா முடிந்து, கூட்டம் முடிந்து, நாம் திரும்பிச் செல்லும் வீட்டில் நமக்காக ஒருவர் இன்றும் விழித்திருக்கிறார். மிம்பரில் நின்று கதீஜா நாயகியின் தியாகத்தை ஆண்டுதோறும் பயான் செய்யும் அடியேனும், என் வீட்டில் அந்த ஸுன்னத்தை எந்த அளவு நிறைவேற்றினேன் என்று எண்ணிப் பார்க்கையில் வெட்கமே மிஞ்சுகிறது. பாராட்டை மேடையில் பெற்றுக்கொள்கிறோம். சோர்வையும் கோபத்தையும் வீட்டிற்குக் கொண்டு செல்கிறோம். இதற்கு மறுமையில் கேள்வி உண்டு என்பதை மறவாதிருப்போமாக.

நன்றி என்பது நாவோடு நிற்பதன்று. அவர்களின் ஆலோசனையைக் கேட்பதும், அவர்கள் கலங்கும்போது கடிந்துகொள்ளாதிருப்பதும், பொதுப்பணியின் பெயரால் குடும்பத்தின் உரிமையைப் பறிக்காதிருப்பதும் நன்றியே. எனினும் நாவாலும் சொல்ல வேண்டும். உபகாரம் செய்தவருக்கு ஜஸாகல்லாஹு கைரன் எனக் கூறுவது நிறைவான பாராட்டாகும் என்பது நபிமொழியின் கருத்து. பெண்ணிடம் கூறும்போது அது ஜஸாகில்லாஹு கைரன் என்றாகும். இந்தச் சிறு மாற்றத்தைக் கற்றுக்கொண்டு, இன்றிரவே வீட்டில் கூறிப் பாருங்கள். அடுத்த ஆண்டறிக்கையின் நன்றிப் பக்கத்தில், நிர்வாகிகளின் இல்லத்தார்க்கும் ஒரு வரி இடம்பெற வேண்டும் என்பது அடியேனின் பணிவான வேண்டுகோள்.

யா அல்லாஹ்! எங்கள் பணிகளுக்குத் துணை நிற்கும் எங்கள் துணைவியருக்கு ஈருலகிலும் நற்கூலி வழங்குவாயாக! மறைந்துவிட்டோரின் கபருகளை ஒளிமயமாக்குவாயாக! அவர்கள் உயிரோடிருக்கும் காலத்திலேயே நன்றி செலுத்தும் நல்லுள்ளத்தை எங்களுக்குத் தந்தருள்வாயாக! ஆமீன்.