எண்ணை மாத்தின ஸ்கேனர்

நம்ம ஊர்ல ஜெராக்ஸ்னா அச்சு அசல் நகல். அந்த ஜெராக்ஸ் கம்பெனி மெஷினே எண்களை மாத்தின கதைதான் இன்னைக்கு.

2013, ஜெர்மனி. ஒரு கட்டுமான நிறுவனம் கட்டட வரைபடத்தை ஸ்கேன் பண்ணுது. அசல்ல மூணு அறைகளோட பரப்பு 14.13, 21.11, 17.42 சதுர மீட்டர். ஸ்கேன்ல மூணுமே 14.13! கணினி ஆய்வாளர் டேவிட் கிரீசல் இதைத் தோண்ட ஆரம்பிச்சார்.

காரணம், ஃபைல் அளவைக் குறைக்கிற ஜேபிக்-2 முறை. ஒரே மாதிரி தெரியுற துண்டுகள்ல ஒண்ணை மட்டும் சேமிச்சு, மத்த இடங்கள்லயும் அதையே ஒட்டும். பொடி எழுத்துல 21.11-ம் அதுக்கு 14.13 மாதிரியே தெரிஞ்சது. வேற ஆவணங்கள்ல 6 இருந்த இடத்துல 8 வந்து உக்காந்தது. மங்கலா இருந்தா சந்தேகப்படுவோம். இது பளிச்னு இருந்தது.

ஜெராக்ஸ் மென்பொருளைச் சரிபண்ணி வெளியிட்டது. ஆனா அது இனிமே எடுக்கிற ஸ்கேனுக்குத்தான். ஏற்கெனவே ஸ்கேன் பண்ணிட்டு காகிதத்தைக் கிழிச்சுப் போட்டிருந்தா? ஒப்பிட்டுப் பார்க்க அசலே கிடையாது. கோட் எழுதுற எனக்கு இதுதான் பெரிய பயம்.

ஆவணத்தைச் சேமிக்கிறதுன்னா, வெச்சது வெச்சபடி திரும்பக் கிடைக்கணும். கொஞ்சம் கிலோபைட் மிச்சம் பிடிக்கப் போய், அதைத்தான் கோட்டை விட்டாங்க.